கணையம், கல்லீரல், பித்தநாளம்: கத்தி வைத்த பிறகு என்ன நடக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் மஞ்சள் காமாலை பற்றி எழுதியதைத் தொடர்ந்து பர்மாவின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில், ஆபரேஷன் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துப் பதில் சொல்கிறோம். பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் அண்ணனுக்கு 58 வயது. மூன்று வாரமாகக் காமாலை, உடம்பெல்லாம் அரிப்பு. கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி என்று சி.டி. ஸ்கேனில் தெரிந்தது. பிலிரூபின் (காமாலையின் அளவைக் காட்டும் பித்த நிறமி) ரத்தத்தில் 11. ஒரு டாக்டர் முதலில் ஸ்டென்ட் (பித்தநாளத்தைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்துக் காமாலையை இறக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் நேராக ஆபரேஷனுக்குப் போகலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (பெகு)

ஆபரேஷன் தேதி எப்போது கிடைக்கும் என்பதைப் பொறுத்தது இது. கல்லீரலில் இருந்து வரும் பித்தநாளம் கணையத் தலையின் ஊடாகப் போய்த்தான் சிறுகுடலில் திறக்கிறது. கட்டி அதை நெரித்ததும் பித்தம் தேங்கி ரத்தத்தில் ஏறுகிறது. காமாலையோடு கத்தி வைத்தால் ஆபத்து என்று முன்பு எல்லோருமே நம்பினார்கள். அதனால் ஸ்டென்ட் வைப்பது வழக்கமானது. நெதர்லாந்து டாக்டர்கள் 202 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்துப் பார்த்து 2010ல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்டென்ட் வைத்துக் காத்திருந்தவர்களில் 74 சதவீதம் பேருக்குக் கடுமையான சிக்கல் வந்தது. நேராக ஆபரேஷனுக்குப் போனவர்களில் அது 39 சதவீதம். அதில் சேர்க்கப்பட்டவர்களின் பிலிரூபின் ஏறத்தாழ 2.3க்கும் 14.6க்கும் இடையில். உங்கள் அண்ணனின் 11 அந்த வரம்புக்குள்தான் வருகிறது.

ஏன் இப்படி? பித்தநாளத்தில் சாதாரணமாகக் கிருமி இராது. ஸ்டென்ட் வைத்ததும் குடலில் உள்ள கிருமிகளுக்கு மேலே ஏற வழி கிடைத்துவிடுகிறது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் குளிர்காய்ச்சல். வைக்கும்போதே சிலருக்குக் கணையம் வீங்கிவிடும். அந்த ஆய்வில் பயன்பட்டவை பிளாஸ்டிக் ஸ்டென்ட்கள். இப்போது வரும் குட்டை உலோக ஸ்டென்ட்கள் அவ்வளவு சீக்கிரம் அடைவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஸ்டென்ட் வேண்டியவர்களும் இருக்கிறார்கள். நடுக்கத்தோடு காய்ச்சல் வருகிறவர்கள், பிலிரூபின் 15ஐத் தாண்டியவர்கள், ஆபரேஷனுக்கு முன் கீமோ கொடுக்கவேண்டியவர்கள், பாஸ்போர்ட், விசா, பணம் என்று வாரக்கணக்கில் தள்ளிப்போகிறவர்கள். நம் மக்களில் பலர் கடைசி வகையில்தான் வருகிறார்கள். ஒன்றிரண்டு வாரத்துக்குள் தேதி உறுதி என்றால் நேராகப் போவதே நல்லது. ஆறு வாரம் ஆகும் என்றால் உலோக ஸ்டென்ட் வைப்பது பற்றிக் கேளுங்கள்.

எந்த வழியில் போனாலும் இரண்டு விஷயம். ரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரியும் சி.டி. ஸ்கேனை ஸ்டென்ட்டுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். வைத்தபின் சுற்றியுள்ள வீக்கம் கட்டியின் எல்லையை மறைத்துவிடும். அடுத்து, பித்தம் குடலுக்கு வராதபோது வைட்டமின் கே உடலில் சேராது, ரத்தம் உறைய நேரமாகும். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து, தேவையானால் வைட்டமின் கே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கீழாநெல்லி கொடுத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மலம் களிமண் நிறத்திலும் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்திலும் போனால் அது அடைப்புக் காமாலை. அடைப்பை எந்தக் கஷாயமும் திறக்காது. அதற்காகக் காத்திருக்கும் ஒரு மாதத்தில், எடுக்கக்கூடிய கட்டி எடுக்க முடியாததாக மாறிவிடலாம்.

கேள்வி: விப்பிள் ஆபரேஷன் செய்தவர்கள் பிழைப்பது அபூர்வம் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். நிஜ நிலவரம் என்ன? சென்னைக்கோ பாங்காக்குக்கோ போயே ஆக வேண்டுமா? (ரங்கூன்)

விப்பிளில் கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, சில நேரம் இரைப்பையின் ஒரு துண்டு ஆகியவற்றை எடுத்துவிட்டு, மிச்சக் கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றையும் தனித்தனியாகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். மூன்று தையலில் கணையத் தையல்தான் தொல்லை தரும். கணையம் மென்மையாகவும் அதன் குழாய் மெலிதாகவும் இருந்தால் வெண்ணெயில் ஊசி போடுவது போலத்தான்.

உறவினர்கள் சொல்வது பழைய காலத்துக்குப் பொருந்தும். இன்று எங்கே செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. 2002ல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வில், வருடத்துக்கு ஒன்றுகூடச் செய்யாத மருத்துவமனைகளில் கணைய ஆபரேஷன் செய்துகொண்ட முதியவர்களில் 16.3 சதவீதம் பேர் இறந்தார்கள். வருடத்துக்கு 16க்கு மேல் செய்யும் இடங்களில் 3.8 சதவீதம். நெதர்லாந்தில் இந்த ஆபரேஷனைச் சில மருத்துவமனைகளுக்கு மட்டும் ஒதுக்கத் தொடங்கினார்கள், 2004ல் 9.8 சதவீதமாக இருந்த இறப்பு 2009ல் 5.1 ஆனது. பிறகு வருடத்துக்கு 20 விப்பிளாவது செய்யும் இடத்தில்தான் செய்யலாம் என்று விதியே வைத்துவிட்டார்கள்.

இதற்குக் காரணம் சர்ஜனின் கைத்திறன் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2009ல் அமெரிக்காவில் பலவகை ஆபரேஷன்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இறப்பு குறைவான மருத்துவமனைகளில் 26.9 சதவீதம் பேருக்குச் சிக்கல். இறப்பு அதிகமானவற்றில் 24.6. ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பெரிய சிக்கல் வந்தபின் இறந்தவர்கள் முதல் வகையில் 12.5 சதவீதம், இரண்டாம் வகையில் 21.4. தையல் கசிவது எல்லா இடத்திலும் நடக்கிறது. கசிவை முதல் நாளே பிடிக்கிறார்களா, நான்காம் நாள் நோயாளி சரிந்தபின் பிடிக்கிறார்களா என்பதில்தான் உயிர் நிற்கிறது.

2022ல் நெதர்லாந்தின் 17 மையங்களில் 1,748 நோயாளிகளை வைத்து இதையே சோதித்துக் காட்டினார்கள். கணைய ஆபரேஷன் ஆனவரைத் தினமும் ஒரே படிவத்தின்படி பார்ப்பது. காய்ச்சல், நாடித்துடிப்பு, ரத்தப் பரிசோதனை, ட்ரெயின் குழாயில் (வயிற்றில் தேங்கும் நீரை வெளியேற்ற வைத்த குழாய்) வரும் அளவு ஆகியவை ஒரு வரம்பைத் தாண்டினால் உடனே சி.டி.; தேங்கிய நீர் தெரிந்தால் வயிற்றைத் திறக்காமல் ஊசிவழி குழாய் வைத்து எடுப்பது; ஆன்டிபயாடிக்கை எப்போது தொடங்குவது என்பதும் எழுதி வைத்தபடி. புது மருந்து எதுவும் இல்லை, புதுக் கருவியும் இல்லை. பெரிய ரத்தப்போக்கு, உறுப்புச் செயலிழப்பு, இறப்பு மூன்றும் சேர்ந்த கணக்கு 14 சதவீதத்திலிருந்து 8 ஆனது. 90 நாளுக்குள் இறப்பு 5லிருந்து 3 சதவீதம். இந்தத் துறையில் சமீபத்தில் வந்தவற்றில் நோயாளியின் குடும்பம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்பது எங்கள் கருத்து.

ஆகவே ரங்கூனா சென்னையா என்று ஊரைப் பார்க்காதீர்கள். போகும் இடத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள்: போன வருடம் இங்கே எத்தனை விப்பிள் நடந்தது? அதில் எத்தனை பேர் 90 நாளுக்குள் தவறிப்போனார்கள்? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரத்தம் கசிந்தால், ரத்தக்குழாய் வழியாகவே அடைக்கத் தெரிந்த ரேடியாலஜி டாக்டர் வருவாரா? நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார், எண்ணைச் சொல்வார்.

வெளிநாடு போகிறவர்கள் விமான டிக்கெட்டை அவசரப்பட்டு எடுத்துவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே திரும்புவது தவறு. தாமதமான ரத்தப்போக்கு இரண்டாம், மூன்றாம் வாரத்திலும் வரும் என்பதால், ஆபரேஷன் தேதியிலிருந்து நான்கு வாரமாவது அந்த ஊரிலேயே, மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்கும்படி செலவைத் திட்டமிடுங்கள்.

கேள்வி: அப்பாவை வயிற்றில் ட்ரெயின் குழாயோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் வருவதன் நிறம் நாளுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்? (தட்டோன்)

முதலில் அந்தக் குழாய் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆபரேஷன் ஆன மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ, ட்ரெயின் நீரில் உள்ள அமைலேஸ் (கணையம் சுரக்கும் ஜீரண என்சைம்) ரத்தத்தின் இயல்பான மேல்வரம்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் கணைய நீர் கசிகிறது என்று அர்த்தம். எண் மட்டும் கூடி உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றால் அதைக் கசிவு என்றே பெரிதாக எண்ணுவதில்லை. மூன்று வாரத்துக்கு மேல் குழாயை வைக்க நேர்ந்தால், வேறு குழாய் போட நேர்ந்தால் அது ‘பி’ நிலை. மறுபடி வயிற்றைத் திறக்கவேண்டி வந்தாலோ உறுப்புகள் செயலிழந்தாலோ ‘சி’. அப்பாவுக்கு எந்த நிலை என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருப்பார்கள், இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் பையைக் காலி செய்து, அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து எழுதி வையுங்கள்: எத்தனை மில்லி, என்ன நிறம், காலை மாலை காய்ச்சல் எவ்வளவு. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும். குழாய் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லித் தராமல் குழாயைப் பிதுக்கவோ கிளிப் போட்டு அடைக்கவோ கூடாது. தோலோடு ஒட்டும் இடத்தில் பிளாஸ்திரி ஈரமானால் அன்றே மாற்றுங்கள். கணைய நீர் தோலை அரித்துப் புண்ணாக்கும்.

வெளிர் மஞ்சளாகத் தெளிந்து நாளுக்கு நாள் குறைந்தால் நல்லது. கலங்கிச் சாம்பல் நிறமாக, பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி வந்தால் கணைய நீர். பச்சையாக வந்தால் பித்தம். சாப்பிட ஆரம்பித்தபின் பால் மாதிரி வெளுத்து வந்தால் நிணநீர். பெரும்பாலும் உணவில் கொழுப்பைக் குறைத்தாலே சரியாகும். இந்த மூன்றுக்கும் மறுநாளுக்குள் டாக்டரிடம் பேச வேண்டும். முந்தின நாள் 150 மில்லி வந்த குழாயில் திடீரென்று ஒன்றுமே வராமல் காய்ச்சல் அடித்தால், குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். அடைத்துக்கொண்டிருக்கலாம்.

சிவப்பு மட்டும் தனி. முதல் இரண்டு மூன்று நாளில் இளஞ்சிவப்பாக வருவது இயல்பு. ஆனால் தெளிந்துவிட்ட குழாயில், பத்தாம் நாளோ இருபதாம் நாளோ, இரண்டு தேக்கரண்டி அளவு புது ரத்தம் வந்து தானாக நின்றுவிட்டால், அதுதான் மிகவும் ஆபத்தான அறிகுறி. விப்பிளில் கட்டிவிட்ட ரத்தக்குழாயின் முனையைக் கசிந்த கணைய நீர் அரித்து, அங்கே சுவர் பலூன்போல் உப்பியிருக்கும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அது வெடித்துப் பெருகும். இடையில் கிடைக்கும் அந்த நேரம்தான் சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுத்து, ரத்தக்குழாய் வழியாகவே அடைக்கக் கிடைத்த வாய்ப்பு. ரத்த வாந்தி எடுத்தாலும், தார் மாதிரி கறுப்பாக மலம் போனாலும் இதே கதைதான். ‘நின்றுவிட்டதே, காலையில் பார்ப்போம்’ என்று வீட்டில் படுத்துவிடக் கூடாது. தட்டோனில் இருந்து பெரிய மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரம், ராத்திரி எந்த வண்டி வரும் என்று இன்றைக்கே முடிவு செய்து வையுங்கள்.

கேள்வி: துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் செய்தால் நல்லதுதானே? (ரங்கூன்)

உறுப்பைப் பொறுத்தது. கணையத்தின் வால் பகுதியை எடுக்க நல்லது: நெதர்லாந்து ஆய்வில் அப்படிச் செய்துகொண்டவர்கள் 4 நாளில் தேறினார்கள், வயிற்றைத் திறந்தவர்கள் 6 நாளில். குடல் புற்றுநோய் பரவிய கல்லீரல் பகுதியை எடுப்பதிலும் நார்வே ஆய்வு துளை முறைக்கே ஆதரவு: சிக்கல் 19 சதவீதம், திறந்த முறையில் 31. விப்பிளுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அதே நெதர்லாந்துக் குழு நடத்திய ஆய்வை 2019ல் வெளியிட்டபோது, துளை முறையில் 50 பேரில் 5 பேரும் திறந்த முறையில் 49 பேரில் ஒருவரும் சிக்கலால் இறந்திருந்தார்கள். அதனால் ஆய்வை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். எண்ணிக்கை சிறியது என்றாலும் எச்சரிக்கை பெரியது. விப்பிளுக்கு வயிற்றில் தழும்பு சின்னதாக வேண்டும் என்று யாரும் கேட்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு விப்பிள் முடிந்து மூன்று மாதம். நன்றாகச் சாப்பிடுகிறார், ஆனாலும் எடை இறங்குகிறது. மலம் எண்ணெய் பிசுக்காக மிதக்கிறது. என்சைம் கேப்ஸ்யூல் தினம் காலையில் ஒன்று சாப்பிடுகிறார். (மோல்மேன்)

காலையில் ஒன்று என்பதில்தான் கோளாறு. அது வைட்டமின் மாத்திரை அல்ல. கணையம் சுரக்காத ஜீரண நீருக்கு மாற்று. சாப்பாட்டோடு வயிற்றில் கலந்தால்தான் வேலை செய்யும். பெரியவர்களுக்குப் பொதுவாக ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 50,000 யூனிட், இடைப் பலகாரத்துக்கு 25,000 என்று ஆரம்பிப்பார்கள். டப்பாவில் 10,000 என்றோ 25,000 என்றோ போட்டிருக்கும். அதைப் பார்த்து எண்ணிக்கையை டாக்டரிடம் கணக்கிட்டு வாங்குங்கள். முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் ஒன்று என்று பிரித்துப் போடலாம். மென்று தின்னக் கூடாது. சூடான டீயோடு விழுங்கினால் மருந்து கெடும். தேங்காய்ப் பால் ஊற்றிய நூடுல்ஸ், எண்ணெய் மிதக்கும் குழம்பு சாப்பிடும் நாளில் கூடுதலாகத் தேவைப்படும். எண்ணெயை அடியோடு நிறுத்திவிடுவது தீர்வல்ல, எடை இன்னும் இறங்கும்.

நம் ஊர் வெயிலையும் கவனியுங்கள். 25 டிகிரிக்கு மேல் வைத்தால் என்சைம் வீரியம் இழக்கும். பங்குனி சித்திரையில் அடுப்படி அலமாரியில் இருந்த டப்பா எவ்வளவு வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. வீட்டில் குளிர்ச்சியான இடம் எதுவோ அங்கே வையுங்கள். இந்த மருந்து பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு சிலர் நிறுத்திவிடுகிறார்கள். சைவக் குடும்பத்தாருக்கும் முஸ்லிம் சகோதரர்களுக்கும் இது மனச் சங்கடமான விஷயம் என்று எங்களுக்குப் புரிகிறது. சமமான மாற்று இல்லாத மருந்து என்பதைச் சொல்லி, பெரியவர்களிடமோ இமாமிடமோ கேட்டுத் தெளிவு பெறுங்கள், சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

சர்க்கரையையும் பாருங்கள். கணையம் குறைந்ததால் இன்சுலினும் குறையும், என்சைம் சரியானதும் சாப்பாடு உடலில் சேர்ந்து சர்க்கரை ஏறலாம். எடையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் கீமோ. 2018ல் வந்த ஆய்வில், ஆபரேஷனுக்குப்பின் நான்கு மருந்து சேர்ந்த கீமோ பெற்ற கணையப் புற்றுநோயாளிகளில் பாதிப்பேர் 54 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். ஒரு மருந்து மட்டும் பெற்றவர்களில் அது 35 மாதம். அந்த நான்கு மருந்தைத் தாங்க உடம்பில் சதை வேண்டும். அம்மாவுக்குக் கீமோ இன்னும் தொடங்கவில்லை என்றால் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.

கேள்வி: கணவருக்கு ஹெபடைடிஸ் பி. கல்லீரலில் புற்றுக்கட்டி. வலப்பக்கம் பாதிக்கு மேல் வெட்ட வேண்டும் என்கிறார்கள். மிச்சம் போதுமா? (ரங்கூன்)

வெட்டுவதற்கு முன்பே சி.டி. படத்தை வைத்து மிஞ்சப்போகும் அளவைக் கணக்கிடலாம், கணக்கிட்டே ஆக வேண்டும். ஆரோக்கியமான கல்லீரலில் கால் பங்கு மிஞ்சினாலே பெரும்பாலும் சமாளிக்கும். சுருங்கித் தழும்பேறிய கல்லீரல் என்றால் 40 சதவீதமாவது வேண்டும். போதாது என்றால் உடனே கைவிட வேண்டியதில்லை. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் ரத்தக்குழாயில், வெட்டப்போகும் பக்கத்துக்குப் போகும் கிளையை ஊசிவழியாக அடைத்துவிட்டுச் சில வாரம் காத்திருந்தால் மறுபக்கம் வளரும். வளராவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான்: அந்தக் கல்லீரல் பெரிய ஆபரேஷனைத் தாங்காது.

ஆபரேஷனுக்குப்பின் ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனை முக்கியம். அன்று பிலிரூபின் ஏறக்குறைய 3க்கு மேலும், ரத்தம் உறையும் திறன் பாதிக்குக் கீழும் இருந்தவர்களில் 59 சதவீதம் பேர் இறந்தார்கள் என்று 2005ல் பிரெஞ்சு டாக்டர்கள் கணக்குக் காட்டினார்கள். அந்த எண்களை நீங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கட்டியை எடுத்ததோடு வைரஸ் போய்விடாது. டெனோஃபோவிர் போன்ற மாத்திரையை ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கி, டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். திடீரென்று நிறுத்தினால் வைரஸ் சீறி எழுந்து மிச்சக் கல்லீரலையும் கெடுக்கும். ஐந்து வருடத்துக்குள் பத்தில் ஏழு பேருக்குக் கட்டி திரும்ப வருகிறது என்பதால் முதல் இரண்டு வருடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் அவசியம். சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் சூட்டால் கருக்கிவிடும் வழியும் உண்டு.

2015ல் பர்மா முழுதும் எடுத்த கணக்கெடுப்பில் 6.5 சதவீதம் பேருக்கு ஹெபடைடிஸ் பி இருந்தது. நீங்களும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி, இருப்பவர்களில் டாக்டர் சொல்கிறவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன்.

கேள்வி: கணைய வாலோடு மண்ணீரலையும் எடுத்துவிட்டார்கள். தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா? (பெகு)

நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் என்ற மூன்று கிருமிகளுக்கான தடுப்பூசிகளும் போட்டாயிற்றா என்று பாருங்கள். திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் இரண்டு வாரம் முன்னதாகவே போட வேண்டும். விட்டுப்போயிருந்தால் இப்போது போடலாம். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. மண்ணீரல் இல்லாதவருக்கு மலேரியாவும் கடுமையாகும், கொசுவலையை விடாதீர்கள்.

கேள்வி: ஊறவைத்த மீன் சாப்பிட்டால் பித்தநாளப் புற்றுநோய் வரும் என்கிறார்களே, ஙப்பியை விட்டுவிட வேண்டுமா? (மோல்மேன்)

குழம்பில் கொதித்து வேகும் ஙப்பியால் (புளிக்கவைத்த பர்மிய மீன் விழுது) இந்தப் பயம் இல்லை. சோறும் நன்னீர் மீனும் சேர்த்துச் சில நாள் புளிக்கவைத்துப் பச்சையாகவே சாப்பிடும் ஙாச்சின் வேறு. கெண்டை வகை மீன்களின் சதையில் ஒரு தட்டைப்புழுவின் இளம்புழு கூட்டுக்குள் இருக்கும். பச்சையாகத் தின்றால் அது பித்தநாளத்துக்குள் ஏறி, வருடக்கணக்கில் அங்கேயே இருந்து சுவரைப் புண்ணாக்கும். வடகிழக்குத் தாய்லாந்தில் பித்தநாளப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாக இருப்பதற்குக் காரணம் இந்தப் புழு. பெகு, மோன், ரங்கூன் பகுதிகளின் கிராமங்களிலும் இது இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எலுமிச்சையோ மிளகாயோ இதைக் கொல்லாது. நன்றாக வேகவைத்தாலோ, மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைத்தாலோ சாகும்; கரண்ட் அடிக்கடி போகும் வீட்டில் இரண்டாவதை நம்ப வேண்டாம். பல வருடம் பச்சை மீன் சாப்பிட்டவர்கள் மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். புழு இருந்தால் பிராசிகுவாண்டல் மாத்திரை எடையைப் பார்த்துக் கொடுப்பார்கள். மாத்திரை சாப்பிட்டுவிட்டோமே என்று மறுபடி பச்சை மீனுக்குப் போனால் புழு மறுபடி வரும்.